ஒரு மாடி மேலே

ஒரு தவற்றைத் தெரிந்தே திருத்தாமல் விட்டால், அது எந்த நாளிலிருந்து பொய்யாகிறது? அக்காவை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்விதான் முதலில் வந்து நிற்கிறது. அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் அக்காதான். வயதில் மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

வீடியோ கேம் தயாரிக்கும் நிறுவனம் என்றதும் கண்ணாடிச் சுவர்களைக் கற்பனை செய்ய வேண்டாம். அக்காவும் தம்பியும் தொடங்கிய நிறுவனம் ஒரு சலவைக் கடையின் மாடியில் இருந்த இரண்டு அறைகள். கீழே துணி தேய்க்க ஆரம்பித்தால் மேலே ஜன்னல் கண்ணாடியில் ஆவி படியும். அக்கா அதற்குமுன் ஒரு வங்கியில் கணினி புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தார். தம்பி பள்ளிப் புத்தகங்களுக்குப் படம் போட்டவர். படகுகளை வைத்து அவர்கள் செய்த முதல் விளையாட்டை விளையாடியவர்கள் பெரும்பாலும் சொந்தக்காரர்கள். அவர்களும் பாதியில் எழுந்துபோனார்கள். இருவரையும் மேதைகள் என்று சொல்ல மாட்டேன். உட்கார்ந்த இடத்தை விட்டு எழாதவர்கள், அவ்வளவுதான்.

பேசினால் சண்டை வரும் என்பதால் வேலை நேரத்தில் இருவரும் பேசுவதில்லை. தம்பி வரைந்த படத்தை அறையின் குறுக்கே கட்டிய கயிற்றில் கிளிப் போட்டு மாட்டுவார். ஓரத்தில் வேண்டிய விவரத்தை எழுதியிருப்பார். அக்கா அதைக் கழற்றி, புரோகிராம் எழுதி முடித்ததும் இழுப்பறையில் போடுவார். வாயைத் திறக்காமலே ஒரு விளையாட்டு உருவாகிவிடும்.

இரண்டாவது விளையாட்டு ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பைப் பற்றியது. விளையாடுபவர் லிஃப்டை இயக்கி, குடியிருப்பவர்களை அவரவர் மாடியில் இறக்கிவிட வேண்டும். அதன் வேலை முடியும் தறுவாயில் அக்கா காய்ச்சலில் படுத்துவிட்டார். குடை வைத்திருக்கும் கிழவர் ஒருவரின் படம் மட்டும் கயிற்றில் மிச்சம் இருந்தது. அவர் இறங்க வேண்டிய மாடியின் எண்ணைத் தம்பியே கணினியில் ஏற்றினார். தம்பிக்குத் தரைத்தளம் ஒன்று. அக்காவின் புரோகிராமில் அது பூஜ்யம். கயிற்றிலிருந்து எடுக்கும் படத்தில் உள்ள மாடி எண்ணில் அக்கா எப்போதும் ஒன்றைக் கழித்துக்கொள்வார் என்பது தம்பிக்குத் தெரியாது. அதைத்தான் அவர்கள் பேசிக்கொண்டதே இல்லையே.

ஆக, கிழவர் தன் வீட்டுக்கு ஒரு மாடி மேலே இறங்கினார். யாரோ ஒருவரின் கதவில் சாவியைப் போட்டுப் பார்த்தார். திறக்கவில்லை. குடையை ஊன்றி நின்றார். மறுநாளும் அதே கதவு.

விளையாட்டு வெளியான பிறகுதான் அக்கா இதைக் கண்டுபிடித்தார். திருத்தத்தையும் தயாராக வைத்துவிட்டார். அதற்குள் கடிதங்கள் வர ஆரம்பித்தன. மறதி வந்த பிறகு என் அப்பா இப்படித்தான் நின்றார், என் மனைவி இப்படித்தான் நிற்கிறாள் என்று யார் யாரோ எழுதினார்கள். கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று தம்பி சொன்னார். அக்காவும் விட்டுவிட்டார்.

பிறகு ஒரு பேட்டியில் தம்பி, ஞாபகம் தப்பிப்போன தங்கள் தந்தையை மனத்தில் வைத்தே அந்தக் கிழவரை உருவாக்கியதாகச் சொன்னார். தந்தையோ ரயில்வேயில் சிக்னல் பார்த்து ஓய்வுபெற்றவர். உறவில் யாருக்கு என்றைக்குக் கல்யாணம் நடந்தது என்பதைத் தேதியோடு சொல்லக்கூடியவர். அவர் அக்காவுக்குப் போன் செய்தார்.

"நான் எப்பம்மா வீடு தெரியாம நின்னேன்? தெருவுல போனா ஆளாளுக்குக் கையைப் பிடிச்சு ரோட்டைத் தாண்டி விடறாங்க."

அன்று வேலை நேரத்தில் பேச்சு நடந்தது.

"வாய் தவறி வந்துடுச்சுக்கா."

"வாய் தவறினா ஒரு வார்த்தை வரும். ரெண்டு பக்கம் பேட்டி வருமாடா?"

தம்பி சமாளிக்கவில்லை. ஆனால், அந்தப் பேட்டியைப் படித்துத்தான் ஒரு பெரிய நிறுவனம் வந்திருந்தது. புதிய கருவிகளுக்கு ஏற்றபடி விளையாட்டை மறுபடி வெளியிடவும், பாதியில் நின்ற மூன்றாவது விளையாட்டுக்குச் செலவழிக்கவும் அது தயார். கிழவர் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும் என்பது நிபந்தனை. அது கைகூடாவிட்டால் அறைகளைக் காலி செய்ய வேண்டியதுதான்.

"எழுதினவங்க அழுதது பொய்யாக்கா?"

"அது நெசம். நீ சொன்னதுதான் பொய்."

"அப்போ திருத்திடு. ஒரே ஒரு எண். அவர் வீட்டுக்குப் போயிடுவார். நாமளும் வீட்டுக்குப் போயிடலாம்."

தம்பி சொன்னதில் குத்தல் இருந்தது. நியாயமும் இல்லாமல் இல்லை. யாரும் நினைக்காமலே உண்டான ஒன்று, யார் யாருக்கோ ஆறுதலாகிவிட்டது. அதைச் சரிசெய்ய அக்காவுக்கு உரிமை உண்டா என்று கேட்டால், என்னாலும் சட்டென்று பதில் சொல்ல முடியாது.

புதிய பதிப்பின் வேலை முழுவதையும் அக்கா ஒருவரே செய்தார். முதல் பதிப்பில் இருந்த மற்ற பிழைகள் எல்லாம் போயின. கிழவர் மட்டும் ஒரு மாடி மேலே இறங்கி, அதே கதவின் முன் நின்றார். விளையாட்டின் முடிவில் ஓடும் பெயர்களில் தம்பியின் பெயர் இருந்தது. தந்தைக்கும் கீழ்க்கடைக்காரருக்கும் நன்றி இருந்தது. அக்காவின் பெயர் இல்லை.

விடுபட்டுவிட்டதோ என்று நிறுவனத்திலிருந்து கேட்டார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார் அக்கா. அதற்குப் பிறகு வந்த விளையாட்டுகள் எல்லாவற்றிலும் அவர் பெயர் உண்டு. ஏன் அதில் மட்டும் எடுத்தாய் என்று தம்பி பலமுறை கேட்டிருக்கிறார், ஒருமுறை கண்கலங்கியும். அக்கா அவருக்கும் சொல்லவில்லை.