பேய் உலாவில் பக்கத்து வீட்டுக்காரர்

இன்று, சுற்றுலா வந்த சான் அன்டோனியோவில் இருட்டிய பிறகு, ஸ்பானியர் காலத்துத் தெருக்களில் பேய்க்கதை கேட்டுக்கொண்டே நடக்கும் உலாவுக்கு நானும் கணவரும் போனோம். லாந்தர் பிடித்த கைடு என்னென்னவோ சொன்னார். எனக்குப் பயமே வரவில்லை.

பழைய கவர்னர் மாளிகை வாசலில் ஒரு பெண், "தமிழா நீங்க? ஒரு போட்டோ எடுக்கறீங்களா?" என்றார்.

பேசினால், அவர்களும் எங்கள் ஊரான பிளானோதான். எங்கள் தெரு. அடுத்த வீடு!

மூன்று வருஷமாகக் காரிலேயே கராஜுக்குள் போய், காரிலேயே வெளியே வருகிறோம். முகம் எங்கே தெரியும்?

"நல்லவேளை, ஒரு பக்கமாவது நம்மாளுங்க! அந்தப் பக்கத்து வெள்ளைக்காரர் இருக்காரே, எங்க குப்பைத்தொட்டி வாசல்லயே நிக்குதுன்னு பேர் போடாம அசோசியேஷன்ல நாலு தடவை கம்ப்ளைன்ட் பண்ணிட்டாரு. அவருக்குக் கை காட்டறதையே நிறுத்திட்டோம்" என்றார் அந்தப் பெண்.

இப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

நாலு தடவையும் எழுதியது நான்.

கணவர் திடீரென்று மாளிகைச் சுவரை ஆராய ஆரம்பித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார்கள். உண்மையைச் சொல்லத்தான் வேண்டும், பாவம் அந்த வெள்ளைக்காரர். ஆனால் சாப்பாட்டுக்கு முன்னாலா, பின்னாலா?