வெங்கடம்மா கெம்பனுக்குத் தேடிய கம்பெனி

டாலி செத்தது 1988 ஆகஸ்டில், ஒரு திங்கட்கிழமை காலையில். ஓசூர் சிப்காட்டில் எங்கள் தொழிற்சாலையின் பின்பக்க மதிலோரம் பழைய இரும்புத் தகடுகளைக் குவித்து வைத்திருந்தார்கள். அங்கே கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. வெங்கடம்மாக்கா அந்தப் பெரிய நாயை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு கேட்டுக்கு ஓடி வந்தார். ஆட்டோ பிடித்து மத்திகிரி கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

நான் அப்போது அங்கே டைம் ஆபீஸ் கிளார்க். திண்டுக்கல்லிலிருந்து வேலைக்கு வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அக்காவையும் அவர் வீட்டுக்காரர் ராமப்பனையும் முதல் நாளிலிருந்தே தெரியும். இரண்டு பேரும் மத்திகிரி கால்நடைப் பண்ணையில் தினக்கூலியாக இருந்தவர்கள். 1982 பொங்கல் சமயத்தில் பண்ணையிலிருந்து மாற்றலாகிப் போன ஒரு அதிகாரி, தன்னிடமிருந்த இரண்டு அல்சேஷன் குட்டிகளை இவர்களிடம் விட்டுப் போனார். பெட்டைக்கு டாலி என்று அவரே பேர் வைத்திருந்தார். செம்பட்டை நிறத்திலிருந்த ஆண் குட்டிக்கு வெங்கடம்மாக்கா கெம்பன் என்று வைத்தார், கன்னடத்தில் கெம்பு என்றால் சிவப்பு. வீட்டில் கன்னடமும் தமிழும் கலந்து பேசுகிறவர்கள்.

எங்கள் கம்பெனியில் செம்புக் கம்பி திருட்டு அதிகமானபோது செக்யூரிட்டி அதிகாரி இந்த நாய்களைப் பார்த்துவிட்டுப் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரையும் காவலுக்கு எடுத்தார். பகலில் அக்காவும் டாலியும், ராத்திரியில் ராமப்பனும் கெம்பனும். நாயோடு வந்தால்தான் வேலை என்பது பேச்சு. டாலி செத்த மறுநாள் அக்காவின் பகல் வேலை போயிற்று. ஒரு பெண்பிள்ளை கேட்டில் நின்று நாயை நடத்திக் காட்டியதைத் தொழிலாளிகள் சாப்பாட்டு நேரத்தில் வேடிக்கை பார்ப்பார்கள். அந்த வேலையைப் பறித்தது எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது.

இரண்டு நாய்களுக்கும் இன்சூரன்ஸ் இருந்தது. சின்னராஜ் என்ற ஏஜெண்ட் 1987 நவம்பரில் போட்டு வைத்தது. பாங்க் கடனில் வாங்கும் கறவை மாடுகளுக்கு இன்சூரன்ஸ் போடுகிறவர் அவர். விண்ணப்பத்தை ஆங்கிலத்தில் நிரப்பிக் கொடுத்தது நான். பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்த நிபந்தனைகளை நான் படிக்கவில்லை. சின்னராஜும் படித்திருக்க மாட்டார். அடையாளத்துக்கு மாட்டுக்குக் குத்தும் நம்பர் போட்ட பித்தளை வில்லையையே நாய்களின் காதிலும் குத்திவிட்டுப் போனார்.

டாலி அந்தக் காதைச் சொறிந்து சொறிந்து புண்ணாக்கி, சீழ் வைத்து, கால்நடை டாக்டர் மூர்த்திதான் வில்லையை அறுத்து எடுத்தார். அக்கா அதைத் துடைத்துச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்.

பிரேதப் பரிசோதனை சான்று, விண்ணப்பம், வில்லை மூன்றையும் எடுத்துக்கொண்டு நானும் அக்காவும் இன்சூரன்ஸ் கம்பெனியின் ஓசூர் கிளைக்குப் போனோம். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் வில்லையைக் கையில் எடுத்துப் பார்த்தார். நம்பர் சரியாக இருந்தது.

“இது காதுல இருக்கணும்மா.”

“காது புண்ணாச்சுங்க. டாக்டருதான் எடுத்தாரு. எழுதிக் குடுத்திருக்கறாரே.”

“எடுத்தா எங்களுக்கு எழுதிப் போட்டு வேற வில்லை குத்தியிருக்கணும். வில்லை இல்லாத நாய் எங்க நாய் இல்லை. செத்தா, காதை வில்லையோட அறுத்துக் கொண்டு வரணும். அதான் ரூல்.”

அக்கா மேஜைக்குக் கிட்டே வந்தார். “காதை அறுத்துகினு வரணுமா?” என்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை. சரியாகக் காதில் விழுந்ததா என்று தெரிந்துகொள்ளக் கேட்ட மாதிரி இருந்தது.

“ஆமா.”

அதற்குப் பிறகு ஆறு தடவை போனோம். மூர்த்தி டாக்டர் இரண்டாவது கடிதம் எழுதினார். மேனேஜர் லீவ். மேனேஜர் மீட்டிங். சேலத்துக்கு அனுப்பியிருக்கிறோம். அக்டோபரில் ஒரு வரிக் கடிதம் வந்தது. வருத்தத்துடன் நிராகரிக்கிறார்களாம். சின்னராஜைத் தேடினால் அவர் சாமல்பட்டிப் பக்கம் மாடு பார்க்கப் போயிருந்தார். எப்போது தேடினாலும் அந்தப் பக்கமே போயிருந்தார்.

கடிதத்தை நான் படித்துச் சொன்னபோது அக்கா கேட் பக்கத்து வேப்பமரத்தடியில் கெம்பனோடு உட்கார்ந்திருந்தார். சாயங்காலம், ராமப்பனுக்கு ராத்திரிச் சாப்பாடு கொண்டுவந்த நேரம்.

“நான்தான் அக்கா படிச்சிருக்கணும்” என்றேன். இரண்டு மாதமாகச் சொல்லாமல் வைத்திருந்தது.

“நீ படிச்சிருக்கணும்தான்” என்றார். “கெம்பனுக்கு நவம்பர்ல முடியுதே, அதை அந்தக் கம்பெனில போட மாட்டன். வேற ஒண்ணு பாக்கணும். இந்தத் தபா எழுதறதுக்கு முந்தி, ஒரு எழுத்து உடாம படிச்சுச் சொல்லு.”

கெம்பன் போனால் ராமப்பனின் வேலையும் போய்விடும். புதிதாக ஒரு நல்ல சாதிக் குட்டி வாங்க அவர்களிடம் வழியில்லை. அதனால்தான் இந்த அலைச்சல். ஊரில் சிலர் சிரித்தார்கள். மனுஷனுக்கே இல்லாத இன்சூரன்ஸ் நாய்க்கு எதற்கு என்று என்னிடமே கேட்டார்கள்.

அந்தக் காலத்தில் இருந்தவை எல்லாம் அரசாங்கக் கம்பெனிகள்தான். பெயர்தான் வேறு வேறு. ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாடியில் இருந்த இன்னொரு கம்பெனிக்குப் போனோம். அங்கிருந்தவர் மரியாதையானவர். உட்காரச் சொன்னார்.

“நாய்க்குப் போடறோம். ஆனா வம்சச் சான்று வேணும். அப்பா, அம்மா, தாத்தா பேர், ரிஜிஸ்டர் நம்பர்.”

“யாரோடதுங்க?”

“நாயோடதும்மா.”

“என் வூட்டுக்காரரோட தாத்தா பேரே எனக்குத் தெரியாதுங்களே” என்றார் அக்கா. அவர் சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. குட்டிகளைக் கொடுத்த அதிகாரியிடம் அந்தக் காகிதம் இருந்திருக்கலாம். அவர் மெட்ராஸில் எங்கே இருக்கிறார் என்று பண்ணை ஆபீஸில் கேட்டோம். ரிட்டையர் ஆகிவிட்டார், விலாசம் தெரியாது என்றார்கள்.

மூன்றாவதை எனக்குச் சொன்னது எங்கள் ஸ்டோர்ஸ் கீப்பர் கங்கப்பன். பெங்களூரில் வீட்டுக்கு வீடு நாய் வளர்க்கிறார்கள், கர்நாடக எல்லை தாண்டியதும் அத்திப்பள்ளியில் ஒரு இன்சூரன்ஸ் கிளை திறந்திருக்கிறார்கள், அவர்கள் வம்சம் எல்லாம் கேட்பதில்லை என்றார். ஆனால் நாயை நேரில் கொண்டுவர வேண்டுமாம். டவுன் பஸ்ஸில் கண்டக்டர் ஏற்றவில்லை. ஆட்டோக்காரர் எல்லை தாண்ட மாட்டேன் என்றார். கடைசியில் ஒரு சனிக்கிழமை சிப்காட்டிலிருந்து ஜூஜூவாடி வழியாக ரோட்டோரமாகவே நடந்தோம். லாரிகள் புழுதியை வாரி அடித்தன. கெம்பன் வாய் திறந்து இரைத்துக்கொண்டே வந்தான். சங்கிலி அக்காவின் கையில்.

செக்போஸ்டில் நிறுத்தினார்கள். “எல்லி ஹோக்தீரா?” என்று கர்நாடகத்துக் காவலர் கேட்டார். எங்கே போகிறோம் என்று அக்கா கன்னடத்திலேயே சொன்னார். கால்நடையை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோகச் சான்று வேண்டும் என்றார் அவர். நாய் கால்நடையா என்று அக்கா கேட்டார். அவருக்கே சந்தேகம் வந்து உள்ளே போய்க் கேட்டார். உள்ளே இருந்தவருக்கும் தெரியவில்லை. முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றோம். பிறகு, போங்கள் என்று கையைக் காட்டினார்கள்.

அத்திப்பள்ளிக் கிளையில் இருந்த அதிகாரி கெம்பனைச் சுற்றி வந்து பார்த்தார். நல்ல நாய் என்றார். படிவத்தை எடுத்தார். பெயர் எழுதினார். ஊர் கேட்டார்.

“மத்திகிரி.”

பேனாவை மூடினார். “நீவு தமிழ்நாடு. நம்ம டாக்டர்தான் சர்டிபிகேட் குடுக்கணும். நாய் நம்ம பக்கத்துல இருக்கணும். நாளைக்கு அங்க செத்தா நான் எப்படி வந்து பாக்கறது?”

“இங்கருந்து எங்க கேட்டு தெரியும் போல இருக்குதுங்க” என்றார் அக்கா. அது கொஞ்சம் அதிகம்தான், ஆனால் தூரம் அவ்வளவு இல்லை.

“தூரம் இல்லம்மா. எல்லை.”

திரும்பி வரும்போது செக்போஸ்ட் தாண்டியதும் அக்கா ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து, சாப்பாட்டுத் தூக்கின் மூடியில் தண்ணீர் ஊற்றிக் கெம்பனுக்கு வைத்தார். “அறுத்துகினு வா, அப்பன் பேரு சொல்லு, அந்தப் பக்கம் குடி போ” என்று நாயிடம் சொன்னார். “உனக்கு ஒண்ணு ஆனா நான் எங்கடா போவேன்?” அவர் கண் கலங்கியதை அன்றுதான் முதலில் பார்த்தேன். டாலி செத்த அன்றுகூட அழவில்லை.

நவம்பர் முதல் வாரம் கிருஷ்ணகிரிக்குப் பஸ் ஏறினோம். நான் அரை நாள் லீவ் போட்டிருந்தேன். அங்கே நான்காவது கம்பெனியின் கிளை. தீர்த்தகிரி என்று ஒரு அதிகாரி, கல்லாவி ஊர்க்காரர். விவசாயக் குடும்பம். அவர் நல்லவராகவும் தெரியவில்லை, கெட்டவராகவும் தெரியவில்லை. களைத்துப்போனவராகத் தெரிந்தார்.

அக்கா உட்காரவில்லை. “முதல்ல நிபந்தனையைப் படிங்க. தமிழ்ல சொல்லுங்க. பொறவு போடலாமா வாணாமான்னு நான் சொல்றன்” என்றார்.

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்தாங்க.”

தீர்த்தகிரி என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னார். செத்தால் மட்டும்தான், காயத்துக்கு இல்லை. காணாமல் போனால் இல்லை. முதல் பதினைந்து நாளில் நோய் வந்து செத்தால் இல்லை. காவல் நாய்க்குக் கட்டணம் கூடுதல். எட்டு வயது தாண்டினால் புதுப்பிக்க மாட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் அக்கா கேள்வி கேட்டார். பாம்பு கடித்தால்? உண்டு. லாரி அடித்தால்? உண்டு. திருடன் விஷம் வைத்தால்? அது நோக்கத்தைப் பொறுத்தது என்றார் தீர்த்தகிரி. நாயோட நோக்கமா, திருடனோடதா என்றார் அக்கா. அவர் மறுபடி படித்துப் பார்த்துவிட்டு, உண்டு என்றார்.

“அடையாளம்?”

“காதுல வில்லை...”

அக்கா பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்துவிட்டார். நான்தான் நிறுத்தினேன். தீர்த்தகிரி எழுந்து வந்தார்.

“ஏம்மா, சொல்றதுக்குள்ள கிளம்புறீங்க? வில்லை இல்லன்னா போட்டோ. ரெண்டு பக்கமும். டாக்டர் கையெழுத்தோட.”

“அதை எழுதிக் குடுங்க. வில்லை வாணாம்னு.”

“அச்சடிச்ச பாரத்துல நான் எதுவும் எழுத முடியாது.”

“வேற காயிதத்துல எழுதுங்க. சீல் குத்தி.”

அரை மணி நேரம் வாதாடினார்கள். கடைசியில் தனித் தாளில் எழுதி, சீல் குத்தி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அடுத்து வயது. எட்டு ஆகவில்லை என்பதற்குச் சான்று வேண்டும். மத்திகிரி ஆஸ்பத்திரியில் மூர்த்தி டாக்டர் கெம்பனின் பல்லைப் பார்த்து ஆறிலிருந்து ஒன்பதுக்குள் இருக்கும், அதற்கு மேல் திட்டமாகச் சொல்ல முடியாது என்றார். ஒன்பது என்ற எண்ணைப் பார்த்தால் எந்தக் கம்பெனியும் கதவைச் சாத்திவிடும். அக்கா அவரை விடவில்லை. குட்டியாக இருந்தபோது வெறிநாய்க்கடி ஊசி போட இதே ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்தோம் என்றார். பழைய பதிவேடுகளை இறக்கித் தேடினார்கள். கரையான் பாதி தின்றிருந்த 1982-ஆம் வருஷத்துப் புத்தகத்தில், பண்ணை அதிகாரியின் பெயருக்குக் கீழே, இரண்டு குட்டிகள், வயது மூன்று மாதம் என்று இருந்தது. ஏழு வயது முடிகிறது. எட்டுக்கு இன்னும் ஒரு வருஷம்.

பாலிசி தபாலில் வந்தது. நான் வரி விடாமல் படித்தேன். கெம்பன், செம்பட்டை, மார்பில் வெள்ளைத் திட்டு, பெண்.

“என்னாது?” என்றார் அக்கா.

“பெண்ணுன்னு போட்டிருக்காங்க அக்கா.”

அவர் தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். மறுநாள் தனியாகவே கிருஷ்ணகிரிக்குப் போனார். தீர்த்தகிரி லீவ். அடுத்த நாளும் போனார். டைப் செய்கிறவர் வரவில்லை. மூன்றாம் நாள் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போய், திருத்திக் கையில் தருகிறவரை அந்த பெஞ்சை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்தார். நாலு மணிக்குத் திருத்திக் கொடுத்தார்கள்.

அந்த ஒரு வருஷம் கெம்பனுக்கு ஒன்றும் ஆகவில்லை. 1989 நவம்பரில் வயதைக் காட்டிப் புதுப்பிக்க மறுத்தார்கள். தெரிந்ததுதான். இருந்தாலும் அக்கா என்னிடம் பொரிந்து தள்ளினார். “செத்திருந்தா குடுத்திருப்பாங்களா? அதுகூட எனக்குத் தெரியாமப் போச்சு பாரு. சாவலைன்னு சந்தோசப்படறதா, அலைஞ்சதை நெனைச்சு அழறதா?”

கெம்பன் இன்னும் நாலு வருஷம் எந்தக் காகிதமும் இல்லாமல் வேலை பார்த்தான். இதற்கிடையில் அக்கா ரோட்டில் கிடந்த ஒரு நாட்டுக் குட்டியை எடுத்து வளர்த்து, ஒன்றரை வருஷம் பழக்கி, செக்யூரிட்டி அதிகாரி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். சாதி நாய்தான் வேண்டும் என்று அவர் மறுத்தார். அக்கா ஒரு வாரம் தினமும் கேட்டில் வந்து நின்றார். கடைசியில் அந்த அதிகாரி, ஸ்டோர்ஸ் ஆள் ஒருவரை மதில் ஏறச் சொல்லிப் பார்த்தார். பாதி மதிலில் அந்த ஆளின் பேண்ட் நாயின் வாயில் கிழிந்தது. பகல் வேலை திரும்பக் கிடைத்தது.

நான் பழக்கதோஷத்தில் தீர்த்தகிரிக்குப் போன் போட்டு இந்த நாய்க்குப் போடுவீர்களா என்று கேட்டேன். நாட்டு நாய்க்கு யாரும் போட மாட்டார்கள் என்றார். அதை அக்காவிடம் சொன்னேன்.

“நீ ஏன் தம்பி கேட்ட?” என்றார். உண்மையிலேயே எரிச்சலாக இருந்தார். பிறகு சங்கிலியைப் பிடித்துக்கொண்டு பின்பக்க மதிலைப் பார்க்கப் போனார். டாலியைப் பாம்பு கடித்த அந்த இரும்புத் தகடுகளை அங்கிருந்து அகற்றச் சொல்லி அவர் எப்போதோ கொடுத்த மனு அப்போதும் ஆபீஸில்தான் கிடந்தது.