பனியன் மாட்டிய குழி

பல்லடம் சாலையை ஒட்டிய அருள்புரத்தில், எட்டு வீடுகள் கொண்ட ஒரு லைன் வீட்டில் நான் குடியிருந்தேன். ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவன். கிணறு வெட்டியிருக்கிறேன், லாரியில் போயிருக்கிறேன். அப்போது ஒரு பனியன் கம்பெனியில் துணி சுமந்துகொண்டிருந்தேன்.

கடைசி வீடு பள்ளத்தில் இருந்தது. அதில் தேனிப் பக்கத்துப் பெண் ஒருத்தி கணவனோடு இருந்தாள். வீட்டிலேயே ஓவர்லாக் மெஷின் போட்டுத் தைத்துக் கொடுப்பாள். வாரத்தில் இரண்டு நாளாவது அவள் வீட்டுக் குழம்பு எனக்கு வரும். கேட்டு வாங்கியதில்லை, வேண்டாமென்றதுமில்லை.

வீட்டுக்கார அம்மா அந்த நிலத்தில் முன்பு சோளம் விதைத்தவர். குடியிருப்பவர்கள் சேற்றை மிதிக்கக் கூடாதென்று வாசல் முழுவதும் சிமெண்டு போட்டுவிட்டார். நல்ல மனதோடு செய்த காரியம்தான். ஆனால் அதன்பின் எட்டுக் கூரைத் தண்ணீரும் வழுக்கிக்கொண்டு கடைசி வீட்டுக்குள் போனது. மெஷினின் மோட்டார் காலடியில் இருக்கும். ஒரு மழையில் அது நனைந்து புகைந்தது. இன்னொரு முறை தண்ணீர் வந்தால் வீரபாண்டிக்கு வீடு மாறுவதாகக் கணவன் சொல்லிவிட்டான்.

வீட்டுக்கார அம்மா என்னிடம் வந்தார். “தண்ணி எறங்க ஒரு சாண் எடங்கூட உடாமப் பூசிப்போட்டனுங்க தம்பி. நீங்க கெணறு வெட்டுனவருங்களாமா. எதாச்சும் பண்ணுங்க.”

கடைசி வீட்டுச் சுவரிலிருந்து பத்தடி தள்ளிச் சிமெண்டை உடைத்து, தண்ணீர் இறங்க ஒரு குழியைக் கழுத்தளவு தோண்டினேன். செம்மண்ணுக்குக் கீழே சிறுகல்லும் கப்பியும் கலந்த மண் வந்தது. ஊற்றிய குடத்துத் தண்ணீரைக் கண்முன்னே இழுத்துக்கொண்டது. அடியில் கல், மேலே ஜல்லி. அதற்கும் மேலே பருமணல் கொட்ட வேண்டும். மணல் கிடைக்கவில்லை. இந்த ஊரில் மெஷின் துடைப்பதும் தலையணை அடைப்பதும் ஒழுகும் குழாயைக் கட்டுவதும் பனியன் வேஸ்ட்டால்தான். சேற்றை வடிகட்டவும் அதுவே போதுமென்று இரண்டு மூட்டை வெட்டுத்துணியை அமுக்கி வைத்தேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் வந்திருந்த ஒரு நாள் மழை பிடித்தது. கால் மணி நேரம் தண்ணீர் அழகாக இறங்கியது. பிறகு நின்றுவிட்டது. துணி சேற்றில் ஊறி மூடிபோல் இறுகியிருந்தது. தண்ணீர் படியேறுவதற்குள் அவளும் கணவனும் நானுமாக மெஷினைக் கட்டில் மேல் தூக்கிவிட்டோம். அவள் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து என்னைப் பார்த்தாள்.

“ஏண்ணே, மண்ணுக்குப் பனியன மாட்டி விட்டா அது எப்படிண்ணே தண்ணி குடிக்கும்?”

கணவன் அன்றைக்கே போய் வீரபாண்டியில் வீடு பார்த்துவிட்டு வந்தான். வருகிற ஞாயிற்றுக்கிழமை வண்டி வரும் என்றான்.

மறுநாள் நான் லீவு போட்டேன். துணி ஊறிய மெத்தைபோல் கனத்தது. நான் ஒருபக்கம் இழுக்க, அவள் கூப்பிடாமலே வந்து மறுபக்கத்தைப் பிடித்தாள். வீட்டுக்கார அம்மா தன் அண்ணன் வீடு கட்டும் இடத்திலிருந்து மணல் கொண்டுவரச் செய்தார். அதைக் கழுவிக் கொட்டினேன். சேறு குழிக்கு முன்னாலேயே தங்கிவிட ஒரு சின்னத் தொட்டியும் கட்டினேன்.

சனிக்கிழமை மாலை, பாத்திரமெல்லாம் மூட்டையாகக் கட்டியிருந்த நேரத்தில், முன்னதைவிடப் பெரிய மழை வந்தது. அவள் படியில் நின்றாள். தண்ணீர் குழியின் மேல் சுழன்றது, தேங்கியது, பிறகு மெல்லத் தணிந்தது. மறுபடி ஏறியது, மறுபடி தணிந்தது. படியை அது தொடவே இல்லை. மழை விட்டதும் உள்ளே போய்க் கணவனுக்குப் போன் போட்டாள்.

“நாளைக்கு வண்டி வேணாம்னு சொல்லிருங்க.”

வீட்டுக்கார அம்மா தன் சிமெண்டு வாசலை மேலும் கீழும் பார்த்தார். மேட்டுப்பக்கமும் இதேபோல் ஒரு குழிக்கு உடைக்கலாமா என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மேட்டுப்பக்கம் காய்ந்த வாசலில் அவள்தான் தையல் சாக்கட்டியால் வட்டம் போட்டாள். துணி வெட்டும்போது தையலுக்கு விடுவதுபோல் சுற்றிலும் இரண்டு விரல் கூட விட்டிருந்தாள். நான் அந்தக் கோட்டின் மேலேயே உடைத்தேன்.