லங்காவியில் தினேஷ் ஏன் இறங்கவில்லை?

என் தங்கை மாலினிக்கும் தினேஷுக்கும் நிச்சயமாகி ஆறு மாதம் ஆகிறது. அவன் சுற்றுலாக் கப்பலில் பயணிகளின் அறைகளைத் துப்புரவு செய்கிறான். கப்பல் இரண்டு முறை லங்காவித் தீவுக்கு வந்தும், "இறங்க விடல" என்று போனில் சொல்லிவிட்டான். இவள் அழுதாள், எனக்குச் சந்தேகம் தட்டியது. மூன்றாம் முறை வருவது தெரிந்ததும், அவனிடம் சொல்லாமலே போன சனிக்கிழமை கிளம்பினோம்.

எங்கள் ஊர் சுங்கை லாலாங்கிலிருந்து கோலா கெடா படகுத்துறைக்குக் காரில் ஒன்றேகால் மணி நேரம். மீன் சந்தைப் பக்கம் வண்டியை விடாதீர்கள், வாடை லேசில் போகாது. அங்கிருந்து படகில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். சுற்றுலாக் கப்பல் நிற்கும் துறை தீவின் மறுபக்கம். டாக்சிக்கு நாற்பது ரிங்கிட் கொடுத்தோம். ஓட்டுநர் நம்மவர்.

"கப்பல்காரனையா பாக்கப் போறீங்க? துறைக்குத் துறை ஒரு வீடு வச்சிருப்பானுங்க லா!"

நாங்கள் சிரிக்கவில்லை.

வாசலில் காவலர் மறித்தார். கப்பல் ஊழியர் முன்கூட்டியே பெயர் கொடுத்திருந்தால்தான் உள்ளே விடுவார்களாம். அப்போது கழுத்தில் ஊழியர் அட்டையோடு ஒரு தமிழ்ப் பெண் வெளியே வந்தாள். பெயர் ஷீலா. தினேஷின் சொந்தக்காரர்கள் என்று மட்டும் சொன்னேன்.

"நம்ம தினேஷா? உள்ளதான் இருக்கான்."

அந்த 'நம்ம' மாலினியைக் குத்திவிட்டது. "நீங்க இறங்கலாம், அவரு இறங்கக்கூடாதா?" என்றாள்.

அதற்குள் கப்பலில் சங்கு ஊதியது. ஆபத்துக்காலப் பயிற்சி. ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையோடு ஊழியர்கள் மேல்தளத்தில் வரிசையாக நின்றார்கள். மூன்றாவது ஆள் தினேஷ். மாலினி கையை ஆட்டினாள். அவன் பார்த்தான், அசையவில்லை.

"பாத்துட்டும் பாக்காத மாதிரி நிக்கிறாருக்கா!"

"பயிற்சியில அசைஞ்சா வார்னிங்தான்," என்றாள் ஷீலா. "ஏற்கெனவே ரெண்டு வாங்கிட்டான். இன்னொண்ணு வாங்கினா அடுத்த துறையில இறக்கி வீட்டுக்கு அனுப்பிருவாங்க. அதான் இறங்கவும் தடை."

"எதுக்கு வார்னிங்?" என்றேன்.

"பயணிங்க ரூம்ல போனே எடுக்கக்கூடாதுக்கா. இவன் வீடியோ கால் பேசிட்டு நின்னான், ரெண்டு தடவ. கட்டிக்கப்போற பொண்ணு 'எங்க இருக்க, காட்டு காட்டு'ன்னு உசிர எடுக்குதாம்."

மாலினி கையிலிருந்த கோழிப் பிரட்டல் டப்பாவை ஷீலாவிடம் நீட்டினாள். வீட்டுச் சாப்பாட்டைக் கப்பலில் ஏற்ற அனுமதியில்லை என்று ஷீலா சொன்னதும், "அப்ப நீங்க இங்கயே சாப்பிடுங்கக்கா," என்றாள்.

பயிற்சி முடிந்து வரிசை கலைந்தபோது தினேஷ் கம்பியோரம் ஓடிவந்து இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினான். மேலாளர் ஏதோ சொல்ல, உடனே உள்ளே போய்விட்டான்.

கப்பலில் வேலை செய்பவரைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் அவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அன்று அவருக்கு இறங்கும் முறை உண்டா என்று கேளுங்கள். கப்பல் துறையில் நின்றாலும் ஒரு பகுதி ஆட்கள் உள்ளேயே இருந்தாக வேண்டும். அடையாள அட்டையை மறக்காதீர்கள். வேலை நேரத்தில் கூப்பிடாதீர்கள்.

திரும்பும் படகில் எனக்கு மனம் கேட்கவில்லை. "அந்த ஷீலா அவனப் பத்தி இவ்ளோ தெரிஞ்சு வச்சிருக்காளே..." என்று ஆரம்பித்தேன்.

"போதும்க்கா," என்றாள் மாலினி.