ஆ காட்டு

என் மகளுக்கு அப்போது நாலு வயது. சோற்றை வாயில் வாங்கிக்கொள்வாள், முழுங்க மாட்டாள். கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு ஊமைக்கோட்டான் மாதிரி என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள். காலையில் ஊட்டிய இட்லி, நான் துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டு வரும்போதும் அதே கன்னத்தில் இருக்கும். பால் சாதம், வெறும் இட்லி, அப்பளம். அவளைப் பொறுத்தவரை உலகத்தில் சாப்பாடு என்பது அவ்வளவுதான். சாம்பார் பட்ட சோறு என்றால் தட்டைக் காலால் தள்ளுவாள். கீரையைக் கண்டால் கண்ணை இறுக மூடிக்கொள்வாள்.

நான் பொறுமைசாலி இல்லை. அதை நானே சொல்லிவிடுகிறேன், அடுத்தவர் சொல்ல வேண்டாம். செம்பாக்கம் ஏரிப் பக்கம் ஒரு வரிசை வீட்டில் குடியிருந்தோம். மத்தியான வேளையில் அந்த வரிசை முழுக்க என் குரல்தான் கேட்கும்.

"வாயத் தொற. முழுங்கு. முழுங்கலன்னா அறஞ்சிடுவேன். எங்க, ஆ காட்டு. நாக்கத் தூக்கு."

நாக்குக்கு அடியிலும் ஒளித்து வைப்பாள், அதனால்தான் அந்தச் சோதனை. வாய் காலியாக இல்லையென்றால் கரண்டிக் காம்பால் முட்டியில் ஒன்று விழும். அதற்கும் மசியாவிட்டால் மூக்கைப் பிடிப்பேன். மூச்சு விட வாயைத் திறந்துதானே ஆகவேண்டும், அந்த நேரம் பார்த்து உள்ளே தள்ளிவிடுவேன். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. ஒரு நாள் என் ஆள்காட்டி விரலைக் கடித்தாள் பாருங்கள், நகத்துக்குக் கீழே ரத்தம் கட்டிவிட்டது. வலியில் ஓங்கி அறைந்தேன். அவள் வாயிலிருந்த பருப்புச் சோறு சுவரில் போய் அப்பிக்கொண்டது.

பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். "இன்னாம்மா நீ, ஒரு வாய் சோத்துக்கு பொண்ணையே கொன்னுடுவ போல கீதே" என்றாள். தன் வீட்டுக்குக் கொண்டுபோய் என்னென்னவோ கொடுத்துப் பார்த்தாள். அங்கேயும் அவள் சாப்பிடவில்லை. எனக்கு அதில் ஒரு அற்பத் திருப்தி.

என் வீட்டுக்காரர் திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டினார். அன்று சாயந்திரம் வந்தவர், பிள்ளை கன்னத்தில் என் விரல்கள் பதிந்திருப்பதைப் பார்த்தார். பிள்ளையை அடித்ததற்காக என்னை அடித்தார். எங்கள் வீட்டு நியாயம் அப்படி.

இதையெல்லாம் யார் போய்ச் சொன்னார்களோ தெரியாது, அடுத்த ஞாயிற்றுக்கிழமை பம்மலிலிருந்து என் நாத்தனார் வந்து இறங்கினாள். இவருடைய அக்கா. கல்யாணமாகி வருஷக்கணக்காகியும் அவளுக்குப் பிள்ளை இல்லை. என் மகள் பிறந்தபோதே "எனக்குக் குடுத்துடு, நீ இன்னொண்ணு பெத்துக்கோ" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து கேட்டவள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனாலும் எனக்கு அன்றைக்கு உண்டான பயம் போகவே இல்லை.

வந்தவள் பிள்ளையின் கையை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினாள். "இன்னாடா இது, கொத்தவரங்கா மாரி கீது. நான் இட்டுகினு போறேன். கொஞ்ச நாள் எங்கூட்ல இருக்கட்டும். ஒடம்பு தேறிடுச்சின்னா அங்கயே ஸ்கூல்ல சேத்துடலாம்."

ஸ்கூலில் சேர்த்துவிட்டால் அப்புறம் எங்கே திரும்பி வருவது? பெற்றவளாகிய நான் ஞாயிற்றுக்கிழமைதோறும் விருந்தாளி மாதிரி போய்ப் பார்க்க வேண்டியதுதான். "அதெல்லாம் வேணாம் அண்ணி" என்றேன்.

"உன்னாலதான் முடியலல்ல? அப்பறம் இன்னா வேணாம்" என்றார் இவர்.

நான் வாசற்படியில் குறுக்கே நின்றேன். இவர் என் தலைமயிரைப் பிடித்து உள்ளே இழுத்துத் தள்ளினார். நாத்தனார் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறிவிட்டாள். என் மகள் அழவில்லை. அம்மா என்று ஒரு வார்த்தை கூப்பிடவில்லை. தலைமயிரைப் பிடித்து இழுத்தது கூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை.

பம்மல் பக்கம் போனால் காலை உடைப்பேன் என்று சொல்லியிருந்தார். வியாழக்கிழமை வரை தாக்குப்பிடித்தேன். அன்று அவர் வேலைக்குப் போனதும் வீட்டைப் பூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். உடைத்தால் உடைக்கட்டும். பம்மலில் இறங்கும்போதே தோல் பதனிடுகிற நாற்றம் மூக்கில் ஏறியது. இந்த நாற்றத்தில் எந்தப் பிள்ளைக்குச் சோறு இறங்கும் என்று எனக்குள் ஒரு சந்தோஷம்.

கதவு திறந்தே இருந்தது. சமையலறையில் நாத்தனார் கீழே உட்கார்ந்திருந்தாள். என் மகளை இரண்டு தொடைக்கும் நடுவே அழுத்திப் பிடித்திருந்தாள். பக்கத்தில் பம்ப் ஸ்டவ் எரிந்துகொண்டிருந்தது. அதில் காய்ந்த தாளிக்கிற கரண்டியை எடுத்துப் பிள்ளையின் தொடைக்குக் கிட்டே கொண்டுவந்து, "முழுங்கு. முழுங்கலன்னா இழுத்துடுவேன் சூடு" என்றாள்.

இரண்டு கன்னமும் உப்பி இருந்தது. என் மகள் கரண்டியைப் பார்க்கவில்லை. நிலைப்படியில் நின்ற என்னைப் பார்த்தாள்.

நான் பாய்ந்து கரண்டியைப் பிடுங்கினேன். காம்பு நாத்தனார் கையில் இருந்தது, எனக்குக் கிடைத்தது குழிப் பக்கம். வலது உள்ளங்கைத் தோல் அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அந்த வேகத்தில் வலி தெரியவில்லை. இடது கையால் அவள் கொண்டையைப் பிடித்துச் சுவரில் மோதினேன். இரண்டு தடவை மோதினேன். மூன்றாவதும் மோதியிருப்பேன், அதற்குள் அவள் என் வயிற்றில் எட்டி உதைத்துவிட்டாள்.

"பயமுறுத்தத்தாண்டி காட்டினேன். வெச்சிடுவேனா நானு?" என்று நெற்றியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீ மட்டும் கொஞ்சியா ஊட்டுன? பொண்ணு முட்டியெல்லாம் கன்னிப்போய்க் கீதே, அது யாரு செஞ்சது?"

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். பஸ்ஸில் தாம்பரம் நெருங்கும்போதுதான் அவள் கன்னத்துச் சோற்றை என் முந்தானையில் துப்பினாள். நான் அதட்டவில்லை.

டாக்டர் என் கையில் மருந்து வைத்துக் கட்டி, தண்ணீர் படக்கூடாது என்றார். ராத்திரி இவர் வந்தார். "அக்காவ அடிச்சியாமே" என்று கையை ஓங்கினார். என் கைக்கட்டைப் பார்த்ததும் ஓங்கிய கை அப்படியே நின்றது.

நடந்ததைச் சொன்னேன். "இனிமே எம் பொண்ணு எங்கயும் போகாது" என்றேன்.

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு, "சரி" என்றார். அவரே சோறு வடித்து, ரசம் வைத்து, பிசைந்து தட்டை என் முன்னால் வைத்துவிட்டு வாசலுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

உள்ளங்கை விண்விண் என்று தெறித்தது. சாப்பிடப் பிடிக்காமல் தட்டை இடது கையால் தள்ளினேன். எதிரே உட்கார்ந்திருந்த என் மகள் அதை என் பக்கம் இழுத்துவைத்தாள். பிஞ்சுக் கையால் ஒரு பிடி சோற்றை அள்ளினாள்.

"வாயத் தொற."

"வேணாம்மா, அம்மாவுக்குக் கை வலிக்குது."

இன்னொரு கையால் என் மூக்கைப் பிடித்தாள். விளையாடுகிறாள் என்று நினைத்து வாயைத் திறந்தேன். சோற்றை உள்ளே திணித்தாள். சோறு இறங்காமல் வாயிலேயே நின்றது. அவள் ரசக் கரண்டியை எடுத்துத் திருப்பிக் காம்பை என் முட்டிக்கு நேராகப் பிடித்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

"முழுங்கு. முழுங்கலன்னா அறஞ்சிடுவேன்."

எனக்குப் பயமாக இருந்தது. நாலு வயதுப் பிள்ளைதான், என் வயிற்றில் பிறந்ததுதான், ஆனாலும் நிஜமாகவே பயமாக இருந்தது. முழுங்கினேன்.

"ஆ காட்டு" என்றாள்.

காட்டினேன்.

"நாக்கத் தூக்கு."

தூக்கினேன்.