சுவரில் ஊறிய கோவைக்கறை

எங்கள் வீட்டில் முகத்துவாரத்தைப் பார்த்திருக்கும் வெளிச்சுவரில், நைனா பழைய வலை ஒன்றை ஆணியடித்துக் கோவைக்கொடி ஏற்றியிருந்தார். அவர் கடலுக்குப் போய்த் திரும்பாத வருஷம் உப்புத்தண்ணீர் ஏறிக் கொடி பட்டுப்போனது. கொடியையும் வலையையும் பிய்த்து எறிந்தோம். இலைச்சாறும் ஈரமும் ஊறிய கறை மட்டும் போகவில்லை. வெள்ளைச் சுவரில் கரும்பச்சையாக, வலைக்கண் அச்சோடு நின்றது.

கடலிலிருந்து வருகிறவர்களுக்கு அந்தச் சுவர்தான் அடையாளம். பின்னாலிருக்கும் ஒற்றைப் பனையும் அந்தப் பச்சையும் ஒரே நேராக வந்தால், மணல்திட்டில் படகு தட்டாது. நைனா பார்த்துவைத்த கணக்கு அது.

உடல் கிடைக்காததால் அம்மா தாலியைக் கழற்றவில்லை. பொழுது சாயும்போது ஓர் எஞ்சின் சத்தம் எங்கள் வீட்டு நேருக்குக் கரையில் வந்து நிற்கும். எட்டிப் பார்த்தால் படகு இருக்காது. எனக்கும் கேட்டிருக்கிறது. காற்று என்று சொல்லிக்கொள்வேன். ஆனால் கதவைத் திறக்கமாட்டேன்.

"அந்தக் கறைய அழிச்சிடுடி. அது இருக்கிற வரிக்கும் அந்த மனுசன் அத்தயே பாத்துக்கினு சுத்தினு இருப்பாரு. நிம்மதியா போவட்டும்," என்றாள் அம்மா.

இரண்டு தடவை பெயிண்ட் அடித்தோம். மழை வந்ததும் கறை மேலே வந்துவிட்டது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. பிளீச்சிங் பவுடரைக் குழைத்து அப்பி, ஊறவிட்டு, பூச்சு உதிர உதிரக் கம்பி பிரஷால் தேய்த்தேன். கண் எரிந்தது, விரல் தோல் உரிந்தது. ஒருவழியாகச் சுவர் வெளுத்தது. அம்மா தொட்டுப் பார்த்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டாள்.

மறுநாள் சாயங்காலம் பக்கத்து வீட்டுச் சித்தப்பா ஈர லுங்கியோடு வந்து கத்தினார்.

"இன்னா வேல பண்ணி வச்சிக்கிறீங்கோ? எந்தச் செவுருன்னே தெர்ல. திட்டு மேல ஏறிட்டேன். உங்க வூட்டத் தேடினே இருந்தேன்."

அம்மாவின் முகம் செத்துப்போனது. "அப்ப அவரும் தேடுவாரா?" என்று கேட்டாள். சித்தப்பா வெளுத்த சுவரை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அன்று பொழுது சாய்ந்தும் எஞ்சின் சத்தம் கேட்கவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அம்மா வேலியோரம் போய் ஒரு மடி கோவையிலை பறித்துவந்தாள். கசக்கிக் கசக்கிச் சுவரில் தேய்த்தாள். நான் தடுக்கவில்லை. உரிந்த விரல்களோடு நானும் இலையை அள்ளினேன்.