மரைக்காயர் திருப்பி அனுப்பிய மூட்டைகள்

திருப்பாலைக்குடி காதர் மரைக்காயர் மௌத்தாகிவிட்ட செய்தி பரமக்குடி மிளகாய்ச் சந்தையில் என்னை எட்டியது. மூட்டை இறக்கிக்கொண்டிருந்த வண்டிக்காரர் சொல்லிவிட்டு மாட்டை அவிழ்க்கப் போய்விட்டார். பஸ் பிடித்து நான் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்திருந்தது.

அவரைத் தெரிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். விவசாயி, வண்டிக்காரர், கமிஷன் கடைக்காரர் என்று ஒருவரையொருவர் நம்பாதிருந்த நம்மை எங்கள் ஊர்ப் பொட்டலில் ஒன்றாக உட்கார வைத்தவர் அவர். அதுவரை தரகர்கள் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். விளைவித்தவனுக்கு ஒன்றும் தெரியாது. “வெலைய வாயால சொல்லுங்க. எல்லாருக்கும் காது இருக்குல்ல” என்றார் மரைக்காயர். கடைக்காரர்கள் முகம் சுளித்தார்கள். கொழும்புக்குச் சரக்கு ஏற்றும் தோணி அவருடையது என்பதால் வேறு வழியில்லாமல் இணங்கினார்கள்.

பிறகு ஒரு பங்குனியில் காலந்தவறிய மழை பிடித்துக்கொண்டது. களத்தில் காய்ந்த மிளகாய்ப் பழமெல்லாம் பூசணம் பூத்தது. எங்கள் ஊர் முத்துக்கருப்பன் கெட்டதை அடியில் போட்டு, நல்லதை மேலே பரப்பி மூட்டை கட்டிவந்தார். மரைக்காயர் அடிவரை கையை விட்டுப் பார்த்தார்.

“மச்சான், இத ஏத்துனா அடுத்த வருசம் நம்ம யாரு மூட்டையும் கொழும்புல எறங்காது.”

முத்துக்கருப்பன் எவ்வளவோ கெஞ்சினார். மூட்டைகள் வண்டியிலேயே திரும்பின. அவர் உப்பளத்து வேலைக்குப் போனார். காய்ச்சலோடு திரும்பி வந்து, ஆடி பிறக்குமுன் செத்துப்போனார்.

துக்கம் கேட்க மரைக்காயர் வந்தார். முத்துக்கருப்பன் மனைவி பேச்சி தலை நிமிராமல் சொன்னாள்: “அந்த மூட்டைய ஏத்தியிருந்தா இந்த மனுசன் வீட்டுல இருந்திருப்பாரு.” மரைக்காயர் பொழுது சாயும்வரை அங்கேயே இருந்தார். ஊர் எல்லைவரை நான் கூடப் போனேன். அப்போது சொன்னார்: “திருப்பி அனுப்புனது சரிதான் மாப்ளே. அனுப்பிட்டு அந்த வீட்டுப் பக்கம் போகாம இருந்தேன் பாரு, அதுதான் பாவம்.”

அடுத்த அறுவடைக்கு எல்லாரையும் மறுபடி கூட்டினார். மூட்டைக்கு ஒரு படி மிளகாய், வெள்ளாமை கெட்டவர்களுக்கென்று ஒதுக்க வேண்டும் என்றார். கடைக்காரர்களும் பங்கு போட வேண்டும்; அந்தச் சரக்குக்குத் தோணியில் கூலி கிடையாது. சம்மதம் வாங்குவதற்குள் அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. பேச்சியின் பங்கை அவரே கொண்டுபோனார். அவள் வாங்கிக்கொண்டாள். ஆனால் கடைசிவரை அவரோடு பேசவில்லை. அதை அவர் ஒரு குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

இந்த வருஷம், அன்று பொட்டலில் கூடியவர்கள் அமைத்த சங்கத்தின் சார்பில் தரம் பார்த்தவன் நான். நனைந்த மூட்டைகளோடு வந்த ஒருவரைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. அன்று சாயங்காலமே அவர் வீட்டுக்குப் போனேன். வாங்க என்று யாரும் சொல்லவில்லை. வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். மரைக்காயரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இது ஒன்றுதான்: மறுத்த கையோடு அந்த வீட்டுக்குப் போவது. போவதால் அங்கே அடுப்பு எரிந்துவிடாது. போகாவிட்டால் என்ன ஆகும் என்பது பேச்சிக்குத் தெரியும்.